எழுதப்படாத கடிதம்

மொன்றியலின் பார்க்-எக்ஸ்டென்ஷனில், எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் இருப்பவர் ஸோஃபியா என்ற போலந்துக்கார விதவை. கடைக்குப் போகும்போதெல்லாம் சுவரில் படமாகத் தொங்கும் குதிரைவீரனிடம் சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். அவர் பூட்டனுக்கும் முந்திய ஒரு பிரபு அந்த வீரன், குதிரைப்படை அதிகாரி. ஹங்கேரியின் புரட்சியில் சண்டையிட்டார், பிறகு இத்தாலிக்குப் போனார், வீடு திரும்பவில்லை.

"சொந்த நாட்டை விட்டுவிட்டு ஊரான் சண்டைக்கு ஏன் போனார்?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"எங்கள் நாடு அப்போது வரைபடத்திலேயே இல்லை, முசியே. வேறு எங்கே போவது?"

போன கிறிஸ்மஸுக்கு முதல்நாள் மாலை என்னையும் விருந்துக்கு அழைத்தார். மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாக இருந்தது. படையல் என்று எண்ணி, அதில் அவர்களுடைய கொழுக்கட்டை ஒன்றை வைத்துப் படத்தை நோக்கிக் கும்பிட்டேன். அவருடைய மகள் சிரித்துவிட்டாள். ஸோஃபியா சிரிக்கவில்லை.

"அது செத்தவருக்கு இல்லை. வரக்கூடியவருக்கு. அவர் செத்ததாக எங்களுக்கு யாரும் எழுதவில்லையே."

நான் அந்தக் கொழுக்கட்டையைத் திரும்ப எடுத்தேன்.

என் தம்பி சிவம் இயக்கத்தோடு லெபனானுக்குப் பயிற்சிக்குப் போனவன். அங்குள்ளவர்களின் சண்டையில் சேர்ந்து அங்கேயே நின்றுவிட்டான். ஒரு தபாலட்டை வந்தது, பிறகு ஒன்றுமில்லை. அம்மா சாப்பாட்டை நிறுத்தினார். அவன் இறந்துவிட்டதாகப் பெய்ரூட்டிலிருந்து கூட்டாளி கடிதம் எழுதியதாக நான் வந்து சொன்னேன். அப்படி ஒரு கடிதம் இல்லை. இறந்த நாளையும் நானே சொன்னேன், அதுவே திதியாயிற்று. அவன் மனைவி வசந்திக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அடுத்த வருடம் நான் மொன்றியலில் இருந்தேன்.

விருந்துக்கு மறுநாள் விடியும் நேரத்தில் யாழ்ப்பாணத்துக் கைதடிக்குப் போன் எடுத்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் அத்தான் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அம்மா சாப்பிடட்டும் எண்டு. நானும் நிம்மதியா இங்காலை வரலாம் எண்டு."

"மாமி சாப்பிட்டவ தான். பொட்டை அழிச்சது நான்."

அவளே தொடர்ந்தாள்.

"இவ்வளவு காலமும் படைச்சதைக் காகம் எண்டாலும் திண்டுதே. அது போகட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "அப்ப இவருக்கு இப்ப அறுபத்தெட்டு நடக்குது, என்ன?"

"ஓம்," என்றேன்.

அவள் பக்கம் கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடித்தது. என் யன்னலில் பனிமீது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் போனை வைக்கவில்லை.