மைக்கில் படித்த ஆறு எண்கள்

எங்கள் கைப்பந்துக் கழகத்துக்குப் பொதுவாக ஒரு செல்போன் உண்டு. போட்டி நாட்களில் அது மைக் மேசையில்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதியவன் நான். வெளியூர் அணிகள் வழி கேட்டு அழைப்பார்கள். மைக்கில் அறிவிப்பவரே பதில் சொல்லிவிடுவார். அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அரையிறுதிக்கு முன் வலையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். மைக் கூப்பிட்டது.

“செயலாளர் சார், மாநில ஆபீஸ்லேர்ந்து பேசுறாங்க. பிளேயர்ஸ் பதிவைச் சரிபாக்கணுமாம். நம்ம போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கு, அதைக் கேக்குறாங்க. சொல்லிடட்டுமா?”

இரண்டு கைகளிலும் அளவு நாடா. தலையாட்டினேன். ஸ்கோர் சொல்லும் அதே குரலில், மைக்கை அணைக்காமலே, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

“யோவ், லாட்டரி ரிசல்ட்டா?” என்று மைதானத்தை ஒட்டிய வாய்க்கால் கரையிலிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் காலை கழகத்தின் மின்னஞ்சல் திறக்கவில்லை. வீரர்களைப் பதியும் இணையக் கணக்குக்கும் மறக்காமலிருக்க அதே கடவுச்சொல்லையே வைத்திருந்தேன், அதுவும் போயிருந்தது. அன்று மாலை ஐந்து மணியோடு மாவட்ட அணித் தேர்வுக்கான பதிவு முடிகிறது. எங்களிடமிருந்து போக வேண்டியவள் ஒரே ஒரு பெண். அவளுடைய பிறப்புச் சான்றிதழ் திருத்தமாகிக் கைக்கு வந்ததே சனிக்கிழமைதான். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இது கடைசி ஆண்டு.

இரண்டு மணிக்கு நன்னிலம் பிரவுசிங் சென்டரில் நானும் அவளும் உட்கார்ந்தோம். கடவுச்சொல்லை மாற்றக் கேட்டபோதெல்லாம் எண்கள் எங்களுடையதல்லாத ஏதோ ஒரு போனுக்குப் போயின. மாநில அலுவலகத்தை அழைத்தேன்.

“நாங்க யாரும் போன் பண்ணலையே சார். எழுத்துல குடுங்க, ஒரு வாரத்துல பாக்குறோம்.”

நாலு நாற்பதுக்கு அவள் கேட்டாள்: “பக்கத்து ஊர் கிளப்புல என்னைச் சேத்துக்குவாங்க சார். நீங்க விட்டுக்குடுத்தா போதும்ல?”

போதும். ஆனால் அவளை விடுவிக்கும் கடிதத்தையும் அந்தக் கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதைச் சொன்னேன்.

ஐந்து மணிக்குத் திரையில் பதிவு முடிந்ததாக வந்தது. சான்றிதழை உறைக்குள் செருகிக்கொண்டே, “எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்,” என்றாள். “நான் சொன்னா, பதிய மறந்துட்டு விளையாடப் போயிட்டேன்னு நெனப்பாரு.”