பன்னிரண்டாம் கட்டிலின் அட்டை

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவளுக்குக் குச்சி என்று பெயர். அத்தனை ஒல்லி. தட்டு அடுக்குவது அவள் வேலை, பாத்திரம் தேய்ப்பது என் வேலை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வரும். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சர்க்கரை ஆகாது என்று அதில் இருக்கும். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தான் மட்டும் காலையில் ஒரு டீ குடித்துவிட்டு, நாலு மணிக்கு மிஞ்சியதை நின்றுகொண்டே விழுங்குவாள்.

மாதவிலக்கு அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை.

"கெட்ட ரத்தமெல்லாம் உள்ளயே தங்கிடுதுக்கா" என்று என்னிடம் அழுவாள்.

நானும் ரொம்பத் தெரிந்தவள் மாதிரி தலையாட்டுவேன். இரண்டு மாடி ஏறினால் டாக்டரம்மா. இதைப் போய் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் கூச்சம்.

ஒருநாள் பெண்கள் வார்டில் பன்னிரண்டாம் கட்டிலுக்கு அட்டை வந்தது. அதே கோளாறு. சாப்பாடு பாதி, எண்ணெய் கூடாது, இனிப்பு கூடாது, ராத்திரிக்குக் காய் மட்டும். அந்தப் பெண் வீட்டுக்குப் போனதும் குச்சி அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எட்டு மாதம் அட்டையில் இருந்தபடியே சாப்பிட்டாள். எப்போதாவது வந்துகொண்டிருந்த மாதவிலக்கும் அடியோடு நின்றது. முடி கொத்துக்கொத்தாய்க் கொட்டியது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள், புருஷனோடு பேச்சே இல்லை. இந்த அட்டைச் சாப்பாட்டை விட்டுவிடட்டுமா என்று என்னைக் கேட்டாள். எங்கள் சமையற்கட்டில் அட்டையை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"அட்டையில போட்டிருந்தா தப்பா இருக்குமாடி?" என்றேன். என் வாயில் கொள்ளி வைக்க வேண்டும்.

தட்டு வண்டியைத் தள்ளும்போதே சரிந்து விழுந்தாள். நான்தான் மேலே கூட்டிப்போனேன். டாக்டரம்மா அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"இது தொண்ணூறு கிலோ இருந்தவங்களுக்கு எழுதினதும்மா. நீ முப்பத்தெட்டு கிலோ. சாப்பாடு பத்தாமதான் உனக்கு நாள் தள்ளிப்போயிருக்கும் போல. அதையும் பாதியா குறைச்சா?"

"அப்போ கெட்ட ரத்தம்?"

"அப்படி எதுவும் உள்ள தங்கறதில்ல. டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம். முதல்ல வேளாவேளைக்கு சாப்பிடு."

அவளுக்கென்று ஓர் அட்டை எழுதினார். எட்டு மணிக்கு முட்டை, பதினொன்றுக்குப் பால், ஒரு மணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு. மூன்றும் அவள் ஊருக்கெல்லாம் தட்டு அடுக்கும் நேரம். சூப்பர்வைசரிடம் காட்டினோம்.

"தட்டு படுத்திருக்கறவங்களுக்குத்தான். வேலை பாக்கறவங்களுக்கு நாலு மணி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான் பாவி.

குச்சி மறுபடியும் மாடி ஏறினாள்.

"டாக்டரம்மா, என்னை ஒரு மாசம் அட்மிட் பண்ணிடுங்களேன். அப்பவாவது நேரத்துக்குத் தட்டு வரும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். குச்சி சிரிக்கவில்லை. பதிலுக்காக அங்கேயே நின்றாள்.