ஒரு முகத்துக்கு ஒரு கதிரை

ஜெசிந்தா அக்கா போய்விட்டார், நேற்றுக் காலை நெஞ்சுநோவென்று ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார், திருகோணமலையில் முகமே இல்லாமல் ஒரு முழுப்படம் செய்த ஒரே ஆள் போய்விட்டார்!

எனக்கு அது கனடாவிலிருந்து இன்ரநெற் சாற் பெட்டியில் வந்தது. அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். ஆனாலும் செய்தி பனிநாட்டுக்குப் போய்த்தான் திரும்பி வந்தது. நான் நம்பவில்லை. உயிரோடு இருக்கிற எத்தனையோ பேரை இந்த நெற் ஒருமுறையாவது சாகடித்திருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டேன். சொன்னவர் பதில் போடாமல் வெளியேறிவிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

ஜெசிந்தா என்பது நான் வைத்த பெயர். அவருடைய கடையில் கல்யாண வீடியோக் கொப்பி வாங்கியவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கும். விளங்காதவர்களுக்கு விளங்கவும் வேண்டாம்.

அக்கா ஒரு ஸ்ரூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை செய்தவர். அங்கேயிருந்த கொம்பியூட்டருக்கு ரெலிபோன் லைன் கிடையாது. நெற் எடுத்தால் எவ்வளவோ பழகலாம் என்று நான் ஆர்வத்தில் துள்ளியபோது, மவுசை விடாமலே சொன்னார்: "லைன் குடுத்தா நான் உலகத்தைப் பார்ப்பன். சரி. உலகம் என்னைப் பார்க்காதோ?"

என் கூடப்பிறந்த அக்காவின் கல்யாணக் கொப்பி வாங்கப் போன அன்றுதான் ஜெசிந்தா அக்காவின் உண்மையான வேலையைக் கண்டேன். கல்யாணம் முடிந்து ஒரு கிழமைக்குள் வீட்டுக்காரர் தனியாக வருவார்கள். இன்னார் கொப்பியில் இருக்கக் கூடாது என்பார்கள். கொப்பி இருக்கிற இறுவட்டு சென்றிச் சோதனைகளைத் தாண்டி வெளிநாட்டுக்குப் போகவேண்டும். வீடு சோதிக்க வருகிறவர்கள் அதைப் போட்டு, ஒரு முகத்தில் நிறுத்தி, இது யார் என்று கேட்டால்? அன்றைக்கு ஓர் அம்மா வந்திருந்தார். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். மகனை எல்லா இடத்திலும் எடுத்துவிடச் சொன்னார். அக்கா கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பிள்ளை, அம்மா?" அவர் திரையில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. அக்கா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

ஆளை வெட்டினால் அந்த இடத்தில் எதையாவது வைக்கவேண்டும், இல்லாவிட்டால் படம் துள்ளும். மற்றக் கடைகளில் பூ விரியும், இதயம் பறக்கும். அக்கா அதே மண்டபத்தில் எடுத்த, யாரும் உட்காராத ஒரு வெறுங்கதிரையை வைப்பார். முகம் எத்தனை விநாடி இருந்ததோ கதிரையும் அத்தனை விநாடி, கூடாமல் குறையாமல். இதையெல்லாம் யார் அளக்கப்போகிறார்கள் என்று சிரித்தேன்.

"தாய் அளப்பா," என்றார்.

அந்தக் கதிரைகளையெல்லாம் பல வருடமாகச் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, பதினொரு நிமிடப் படம் ஒன்று வைத்திருந்தார். பாட்டு இல்லை, எழுத்து இல்லை. கதிரை, இன்னொரு கதிரை, சுற்றுகிற மின்விசிறியின் நிழல், மறுபடியும் கதிரை. முதல் நிமிடம் பகிடி என்று நினைத்தேன். நாலாம் நிமிடத்தில் நான் இருந்த கதிரையிலிருந்து எழும்பி நின்றேன். பரிசோதனைப் படங்கள் என்று நெற்றில் தேடித்தேடி வாசித்தவள் நான். அப்படி ஒன்று என் வீட்டிலிருந்து கூப்பிடுதூரத்தில் இருந்திருக்கிறது! ஒரு கொப்பி கேட்டுக் கெஞ்சினேன். ஒரு கிழமை கழித்துத் தந்தார்.

"பார். ஆரிட்டையும் காட்டாதை."

நான் என்ன செய்தேன் என்று இந்த வலைப்பக்கத்துக்குப் பழைய ஆட்களுக்குத் தெரியும். நெற்றில் ஏற்றினேன். ஏற்றினதோடு விட்டேனா? ஆட்களுக்கு விளங்காமல் போய்விடும் என்று, எந்தக் கதிரை எந்த மண்டபம், எந்த மாதக் கல்யாணம் என்று அக்கா பேச்சுவாக்கில் சொன்னதையெல்லாம் கீழே குறிப்பாகப் போட்டேன். மூன்றாம் நாள் லண்டனிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: அது என் மச்சாளின் கல்யாணம், அங்கே இல்லாமல் போனது இன்னார்தானே? முழுப்பெயர். பக்கத்தில் ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம். அந்தப் பெயர், திரையில் விரல் வைத்த அம்மாவின் மகனுடைய பெயர்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"வெட்டுறது ஊருக்கே தெரியும், பிள்ளை. எங்கை வெட்டினதெண்டுதான் தெரியக்கூடாது. எத்தினை பேர் இறக்கி எடுத்தவை?"

"ஏழு. ஆனா நான் அழிச்சிட்டன், அக்கா."

"நீ அழிச்சது உன்ரையை."

கடையிலிருந்த மூலப்படத்தை என் கண்முன்னாலேயே அழித்தார். அழித்த பிறகும் அந்தக் கொம்பியூட்டரைக் கொஞ்சநேரம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையைப் பூட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி அந்த அம்மாவிடம் போனார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேரும் போட்டிருந்ததோ?" என்றார். அக்கா "ஓம்" என்றார். அடுத்த நாளே அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

அக்கா தந்த இறுவட்டைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டினேன். படத்தை அழிக்கச் சொல்லிக் கேட்டேன்; ஏழு பேரில் ஐந்து பேர் அழித்துவிட்டோம் என்று எழுதினார்கள். உண்மையோ பொய்யோ, எழுதினார்கள். இரண்டு பேர் எழுதவில்லை. அதன்பிறகு என்னைக் கண்ட இடமெல்லாம் அக்கா சுகம் கேட்கவில்லை, ஒன்றைத்தான் கேட்டார். போன செவ்வாய் சந்தை வாசலிலும், மீன்பையைக் கை மாற்றிக்கொண்டு, அதையேதான் கேட்டார்.

"அந்த ரெண்டும்?"

அதுதான் என்னோடு அவர் கடைசியாகக் கதைத்தது.

என் அக்காவின் கல்யாணக் கொப்பியிலும் ஒன்பது விநாடி நேரம் ஒரு கதிரை வருகிறது. கமராக்காரருக்கு நித்திரை என்று முன்பு நக்கலடித்திருக்கிறேன். என் அம்மாவும் அந்தக் கடைக்குத் தனியாகப் போயிருக்கிறார் என்று இப்போது தெரியும். அது யாருடைய இடம் என்று எழுதமாட்டேன். அந்த ஒன்பது விநாடியும் எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. ஜெசிந்தா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.

பதில் எழுதாத நீங்கள் இரண்டு பேரும் இதை வாசித்தால்: நான் வாழ்நாளில் கண்ட மிகச் சிறந்த படம் இனி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை அழியுங்கள். அழித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பெயர் வேண்டாம். மற்றவர்கள், அந்த இருவரைத் தெரியுமென்றால் இதை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நான் போகவேண்டும். அவர் கேட்டதற்கு அன்றைக்காவது எனக்குப் பதில் வேண்டும்.