மகாராணி தேடிப் போன அக்கா

என் சித்திரக்கதைக்கு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்த முதல் கருத்து ஓர் அதட்டல். "ஆட்ட ரயில்ல ஏத்தி விட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டியே தங்கச்சி, அது எங்க எறங்கும்?" இலங்கை மலையகத்தில், மடுல்சீமையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை மலை வளைகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் அதில்தான் ஏற வேண்டும். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தபோது அந்த வரி திரையில் வந்து நின்றது. எழுதியவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூப் படம். எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவர் என் ஆட்டை நினைத்துக் கவலைப்படுகிறார் என்பதை நம்ப முடியாமல், அட்டைக் கடிகூட உறைக்காமல், வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் பதுளை டவுனில் ஒரு போட்டோ கொப்பி கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பஸ்ஸிலும், கடையில் ஆள் இல்லாத நேரத்திலும் போன் திரையில் விரலாலேயே வரைவேன். கதை பெரிதாக ஒன்றுமில்லை. லயத்தில் வளர்ந்த மகாராணி என்ற வெள்ளாடு, வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்ட தன் எஜமானியைத் தேடிப் புறப்படுகிறது. எங்கள் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த பெண் அப்படிப் போன பிறகு, அவள் வளர்த்த ஆடு பஸ் வரும் நேரம் பார்த்து ரோட்டில் போய் நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்கு ஒரு கிரீடம் வைத்தேன், கொஞ்சம் திமிர் பிடித்த பேச்சைக் கொடுத்தேன், பதுளையில் ரயில் ஏற்றிவிட்டேன். வாரம் ஒரு பகுதி இணையத்தில் போடுவேன். என் கூடப் படித்த சிலர் மட்டும் சிரித்த முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். கூட்டம் சேர்க்க நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். பெயர் பெற்ற ஓவியர்களின் பக்கங்களைப் பார்த்து, அவர்களைப் போலவே ஆட்டுக்குப் பெரிய பெரிய கண்ணெல்லாம் வைத்தேன். ஒருவரும் வரவில்லை.

ரோஜாப்பூ அக்கா தெமோதரைக்காரர். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. எழுதுவதைவிடக் குரலில் சொல்லி அனுப்புவதுதான் அவருக்குப் பிடித்தது. பின்னால் தண்ணீர் விழும் சத்தமோ, பிரஷர் குக்கர் விசிலோ கேட்கும். "அப்புத்தள ஸ்டேசன்ல பனிய நல்லாப் போட்டிருக்க. எனக்கு இங்க குளிருற மாதிரி இருந்துச்சு, ஏசியக் கொறைச்சேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவருக்குத் தெரிந்த பெண்கள் பலர் அங்கே இருந்தார்கள். பசறை, லுணுகலை, பண்டாரவளை என்று எல்லாம் நம் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு பகுதியையும் அவர் அவர்களுக்கு அனுப்பினார், அவர்கள் மற்ற நாடுகளிலிருந்த தங்கள் ஆட்களுக்கு அனுப்பினார்கள். நான் கொழும்பையும் சென்னையையும் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தேன். என் வாசகர்களோ யாரோ வீட்டுச் சமையலறைகளில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டின் கண்களைப் பழையபடி சின்னதாக்கினேன்.

வருமானத்துக்கு வழி திறந்ததும் அக்காதான். ஓவியர்களுக்கு வாசகர்கள் மாதாமாதம் பணம் அனுப்பும் வெளிநாட்டு இணையத்தளங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். எங்கள் மலையிலிருந்து அதில் சேரப் பார்த்தால் ஏதாவது ஒரு கதவு மூடியே இருந்தது. ஒருநாள் அக்கா சொன்னார்: "மகளுக்குப் பொறந்த நாள் வருது தங்கச்சி. மகாராணி அவளத் தேடி வீட்டுக்கே வந்த மாதிரி ஒரு படம் போட்டுத் தா. சும்மா வேணாம். காச என் நாத்தனார் கையில குடுத்து விடச் சொல்றேன்." பிள்ளையின் போட்டோவைப் பார்த்து வரைந்தேன். பாவாடை கட்டிய சிறுமி, வாசலில் கிரீடத்தோடு ஆடு, பின்னால் தெமோதரை மலை. கடை முதலாளியிடம் கெட்டித் தாளில் அச்சடித்துக் கேட்டேன். பதுளையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்காரர் அவர். படத்தைக் கையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மகள், இத நல்ல கவர்ல போட்டுத் தபால்ல அனுப்புங்க. மடிஞ்சா பிள்ளைக்கு மனசு ஒடஞ்சிரும்" என்றார்.

அதன் பிறகு வெளிநாடுகளில் இருந்த தாய்மார் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். பிறந்த நாள், தீபாவளி, பெரிய பிள்ளையானது, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸானது என்று எல்லாவற்றுக்கும் மகாராணி தபாலில் போனாள். அந்த வருமானத்தை நம்பிக் கடை வேலையை விட்டேன். கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்த கையோடு அம்மா கேட்டார், "ஆடு வரையிறதுக்கா வேலைய விட்ட?" அப்போது நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பயம் அடங்கும் முன்பே அக்காவின் குரல் நின்றுபோனது. முதலில், வேலை கூடியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு பகுதி போனது, இன்னொன்றும் போனது. ரோஜாப்பூ வரவே இல்லை. அவருடைய நண்பிகளுக்கும் தெரியவில்லை. படம் அனுப்பிய முகவரி என்னிடம் இருந்ததால் தெமோதரைக்கு பஸ் ஏறினேன். லயத்தின் கடைசிக் காம்பரா. நான் வரைந்த படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அக்காவின் நாத்தனார் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளை கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கும் போன் கோல் இல்லம்மா. காண்ட்ராக்ட் முடிஞ்சு வரணும்னு கேட்டிருக்கா, வீட்டுக்காரங்க விடலைன்னு கடைசியாச் சொன்னா. அனுப்புன ஏஜென்சிக்காரன் போனத் தூக்குறதே இல்ல." வெளிநாடு போன பெண் பேசாமல் போனால் என்னென்ன நடந்திருக்கலாம் என்பது எங்கள் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

திரும்பி வந்த பிறகு எனக்குக் கதை வரவில்லை. மகாராணியை வரைய உட்கார்ந்தால் கை அக்காவையே தேடியது. கடைசியில் நாத்தனாரிடம் போனில் சம்மதம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு படம் போட்டேன். அடைத்த ஜன்னல் ஒன்றுக்குக் கீழே ஆடு அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறது. அதன் கீழே, "தெமோதரை அக்கா, எங்கே இருக்கீங்க? அக்கா கிடைக்கும்வரை மகாராணி இந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்" என்று எழுதினேன். பெயர் போடவில்லை, முகத்தைக் காட்டவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்து அவருக்கு இன்னும் கஷ்டம் வந்துவிடுமோ என்ற பயம் ஒருபக்கம். கதையை நிறுத்தினால் வாசகர்கள் போய்விடுவார்கள், பிறகு அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் மறுபக்கம். சிலர் போகவும் செய்தார்கள். "எங்களுக்குக் கதைதான் வேணும்" என்று திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

போகாதவர்கள் தேடினார்கள். அக்காவின் பேச்சை வைத்துத் தேடினார்கள். அவர் எப்போதோ சொன்ன பள்ளிவாசலையும், ஜன்னல் வழியாகத் தெரியும் தண்ணீர்த் தாங்கியையும் வைத்துக்கொண்டு அந்த ஊரிலிருந்த பெண்கள் தங்களுக்குள் விசாரித்தார்கள். லுணுகலைப் பெண் ஒருவர் வேலை செய்த வீடு அதே பகுதியில் இருந்தது. குப்பை கொட்டப் போகும் சாக்கில் அவர் தெரு தெருவாகப் பார்த்திருக்கிறார். ஒருநாள் பாறையில் ஏறியதும் அவருடைய குரல்பதிவு வந்தது. மூச்சு வாங்க, பாதி அழுகையில், "கண்டுட்டேன் தங்கச்சி. மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. நான் கீழ இருந்து 'மே…'ன்னு கத்துனேன். திரும்பிப் பாத்துருச்சு. உசிரோட இருக்கு, தங்கச்சி!" நான் பாறையிலேயே படுத்துவிட்டேன்.

அந்த வீட்டுக்காரர்கள் அக்காவின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைத் தராமல் வேலை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீடு தெரிந்ததும் பெண்கள் இலங்கைத் தூதரகத்தை விடவில்லை. ஒருத்தி வைத்தால் இன்னொருத்தி என்று மாறி மாறி அழைத்தார்கள். ஊரில் நாத்தனார் பதுளைக்கும் கொழும்புக்கும் அலைந்தார். இழுபட்டு இழுபட்டு, கடைசியில் அக்கா விமானம் ஏறினார்.

அவர் வந்த வாரமே தெமோதரைக்குப் போனேன். நான் நினைத்ததைவிட மெலிந்த, உயரமான பெண். அழுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "எங்க, நான் பாக்காத பகுதியெல்லாம் காட்டு" என்றார். காட்ட ஒன்றும் இல்லை, நிறுத்திவிட்டேன் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஒருத்தி இல்லைன்னா நிப்பாட்டிருவியா? அத்தன பொம்பளைங்க பாத்துக்கிட்டு இருப்பாங்கள்ல? போன் இல்லாம நானே கதைய நிப்பாட்டல, நீ நிப்பாட்டிட்ட!" அந்த வீட்டில் அவரோடு இன்னொரு பெண் வேலை செய்திருக்கிறாள், எத்தியோப்பியாக்காரி. பாத்திரம் கழுவும் நேரத்தில், தனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் அக்கா அவளுக்கு மகாராணியின் கதையைச் சொல்லியிருக்கிறார். தான் பார்த்திருந்த இடம் வரை சொல்லி முடித்ததும், மீதியைத் தானே கட்டியிருக்கிறார்.

அந்தக் கதையை எனக்கும் சொல்லத் தொடங்கினார். அதில் என் ஆடு கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறி, கப்பல் கேப்டனோடு சண்டை போட்டு, பாலைவனத்தில் ஒட்டகங்களுக்கு யூனியன் வைத்திருந்தது. எனக்கும் மகளுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நாத்தனார் தேத்தண்ணி வைக்க எழுந்து போனார். பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி அக்கா சொல்லிக்கொண்டே போனார். மகாராணி கடைசியில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து, கொம்பால் கதவை முட்டும் இடத்தில் பேச்சு மெதுவாகி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நின்றுவிட்டது. பார்த்தால் தூங்கிவிட்டார். வெளியே நல்ல வெயில், பட்டப்பகல். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.