அப்பா பெயர், காற்புள்ளி, எஸ்

நான் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தை இன்றுவரை பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சுகாதார அறிவியல் படித்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. படித்ததெல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா என்ற ஊரில், மருத்துவமனைத் தாதியர் விடுதியின் மாடியில், வேலை முடிந்து வந்த பிறகு. பாடம் தபாலில் வரும். புத்தகமும் தபாலில்தான். வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதி அனுப்பினால், நூலகம் அதைக் காக்கிக் கித்தான் பையில் போட்டு, வாயைக் கயிற்றால் இறுக்கி அனுப்பும். படித்து முடித்ததும் பையிலுள்ள முகவரி அட்டையை மறுபக்கம் திருப்பிச் செருகி அஞ்சலகத்தில் போட்டுவிட வேண்டும். தொலைவில் உள்ள மாணவர்களின் வசதிக்காக ஏற்படுத்தப்பட்ட சேவை என்று கையேட்டில் அச்சடித்திருந்தார்கள். அந்த வரியை எழுதியவர் அந்தப் பையை நம்பி ஒரு தேர்வும் எழுதியிருக்க மாட்டார்.

அந்த வருடம் எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு புத்தகம். இரத்தசோகை பற்றியது. ரப்பர்த் தோட்டத்துக் கர்ப்பிணிகளின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாலே எங்களுக்கு நோய் தெரிந்துவிடும். ஆனால் கட்டுரைக்கு அது போதாது. எந்த வகைச் சோகை, எதனால் என்று பிரித்து எழுத வேண்டும். அந்தப் பிரிவுகள் குறிப்பிட்ட அந்தப் புத்தகத்தின் நான்காவது அத்தியாயத்தில் இருந்தன. கேள்வியே அந்த அத்தியாயத்தை வைத்துத்தான் கேட்கப்பட்டிருந்தது. மாத முடிவுக்குள் கட்டுரை போய்ச் சேராவிட்டால் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் படிப்பதற்கு மருத்துவமனை கொடுத்திருந்த அனுமதி அத்தோடு முடிந்துவிடும். மேட்ரன் இதை எனக்கு இரண்டு முறை விளக்கினார். இரண்டாவது முறை சிரித்துக்கொண்டே விளக்கினார்.

எங்கள் மருத்துவமனையில் புத்தகம் என்று இருந்தது ஒரு கண்ணாடி அலமாரி. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஈப்போ பொது நூலகத்தில் சமையலும் நாவலும் கிடைக்கும். ஆகவே பைக்காகக் காத்திருந்தேன்.

பை வந்தது. விடுதி வாசலில் இருந்த ஜாகா, காவலுக்கு இருந்த பெரியவர், அதைத் தூக்கிக் காட்டினார். வாய்க்கயிறு அவிழ்ந்திருந்தது. எனக்கு வரும் எதையும் அவர் எனக்கு முன்பே பார்த்துவிடுவார்.

"மிஸ்ஸி, ஒங்களுக்குப் பைத்தியக்கார புக்கு வந்திருக்கு."

உள்ளே இருந்தது மனச்சிதைவு நோயாளிகளை வார்டில் கவனிக்கும் முறை பற்றிய புத்தகம். என் அறையில் கூட இருந்த தாதி கட்டிலில் சாய்ந்தபடியே அட்டையைப் பார்த்தாள்.

"மொதல்ல புக்கு வரும். அப்புறம் வேன் வரும் லா. துணிமணி எடுத்து வச்சிக்க."

மறுநாளே அதை அதே பையில் திருப்பி அனுப்பினேன். என் புத்தகத்தைக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன். பதிலாக ஒரு துண்டுச் சீட்டு வந்தது. உங்கள் பெயரில் ஏற்கெனவே இரண்டு புத்தகங்கள் உள்ளன, தபால் மாணவருக்கு அதற்கு மேல் அனுமதியில்லை. என் கையில் ஒன்றுகூட இல்லை.

அஞ்சலகத்துக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து நூலகத்தை அழைத்தேன். வெளியூர் அழைப்பு காசைத் தின்றுகொண்டே இருக்கும். பேச்சைச் சுருக்கமாக வைக்க வேண்டும். எடுத்தவர் மலாயில் ஆரம்பித்தார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். சுருக்கமாகப் பேசும் உத்தேசம் அவருக்கு இல்லை.

"தங்கச்சி, ஒங்க கார்டு இங்கதான் இருக்கு. ஒண்ணு பத்து காஜாவுக்குப் போச்சு. ஒண்ணு தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போச்சு."

"பத்து காஜாவுக்கு வந்தது நான் கேட்டதில்ல. திருப்பி அனுப்பிட்டேன்."

"இன்னும் வந்து சேரலியே."

"தஞ்சோங் ரம்புத்தான்ல நான் இல்ல."

"அங்க இருக்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

தன் நகைச்சுவைக்கு அவரே சிரித்தார். பேராக்கில் வளர்ந்தவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்றால் ஊர் அல்ல, மனநல மருத்துவமனை. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து கல்யாண வீடு வரைக்கும் இந்த ஒரே நகைச்சுவைதான். அவர் சிரித்து முடிக்கும்வரை காசைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கார்டுல பேரு எப்படி இருக்குன்னு படிங்க."

படித்தார். முதலில் என் அப்பா பெயர். பிறகு ஒரு காற்புள்ளி. பிறகு எஸ்.

அப்போது புரிந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயர் என்னுடையது, அதன் பின்னால் வருவது என் அப்பாவுடையது. இரண்டுக்கும் நடுவில் அடையாள அட்டையில் மலாய்ச் சுருக்கம் ஒன்று நிற்கும். மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. நூலகம் அந்தச் சுருக்கத்தை வெட்டிவிட்டு, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக முன்னால் தூக்கிப் போட்டு, என் பெயரை ஓர் எழுத்தாகக் குறுக்கியிருந்தது. என் அப்பாவுக்கு வைத்தது முருகனின் பெயர். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு லயத்துக்கு இரண்டு பேருக்காவது அந்தப் பெயர் இருக்கும். தஞ்சோங் ரம்புத்தானில் யாரோ ஒருவருக்கும் அதே பெயரில் அப்பா; அவர் பெயரும் எஸ். நூலகத்துக்கு நாங்கள் இருவரும் ஓர் ஆள்.

"அது ரெண்டு பேருங்க. ஏ/எல்லா, ஏ/பியான்னு பாருங்க."

"அதுக்குக் கார்டுல எடமில்ல. அண்ணன் தங்கச்சியா நீங்க?"

"இல்ல. நீங்க தமிழர்தானே, ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க பேரையும் இப்படித்தான் திருப்பிப் போட்டு வச்சிருக்காங்களா?"

"நான் புக்கு எடுக்கிறதில்ல லா," என்றார். காசு தீர்ந்து தொடர்பு அறுந்தது.

அந்தப் பதிலைப் பல வருடம் நினைவில் வைத்திருந்தேன். பிற்பாடு ஈப்போவில் ஒரு பத்திரிகைக்குச் சுகாதாரச் செய்தி எழுதினேன். அங்கே ஒருவர் பெயரைத் தப்பாகப் போட்டால் மறுநாள் திருத்தம் போட்டாக வேண்டும். நூலகத்துக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தமும் இல்லை. தெரியாமல் தப்பு செய்தவரைத் திருத்தலாம். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

என் புத்தகம் அங்கேதான் போயிருக்க வேண்டும்; வார்டு கவனிப்புப் புத்தகம் கேட்டவர் அந்த மருத்துவமனையில் வேலை செய்பவராகத்தான் இருப்பார். கடிதம் எழுதிக் காத்திருக்க நாள் இல்லை. அடுத்த ஓய்வு நாளில் ஈப்போவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து தஞ்சோங் ரம்புத்தானுக்கு இன்னொன்று. மருத்துவமனைக் கதவருகே இருந்த காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"இங்க வேலை செய்யிற ஒருத்தர். தபால்ல படிக்கிறாரு."

"பேரு?"

"அவர் பேரு தெரியாது. அவங்க அப்பா பேரு தெரியும்."

காவலர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீங்க உள்ள போகணுமா, இல்ல உள்ள இருந்து வாரீங்களா?"

என் மருத்துவமனை அட்டையைக் காட்டினேன். அப்பா பெயரைச் சொன்னேன். அவர் உள்ளே ஆள் அனுப்பினார்.

வந்தவர் ஆண் தாதி, முப்பது வயதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. வணக்கம், யார், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்கதான் அந்த இன்னொரு எஸ்ஸா?"

"என் புக்கு ஒங்ககிட்ட இருக்கு."

"என் புக்கு எங்க?"

"திருப்பி அனுப்பிட்டேன்."

"அதுக்கு நாலு மாசமா வரிசையில இருந்தேன். நீங்க ஒரே நாள்ல அனுப்பி வச்சிட்டீங்க. 'புத்தகம் கிடைத்தது, நன்றி'ன்னு எனக்குச் சீட்டு வருது. நான் கண்ணால பாக்காத புக்குக்கு எனக்கே நன்றி சொல்றானுங்க."

"அதுல ஒங்க பேரு இல்லியே."

"என் பேருதான் இருந்துச்சு. அது ஒங்க பேரும்கிறது வேற விஷயம்."

"அப்ப என் புக்க ஏன் திருப்பி அனுப்பல?"

"ஒண்ணாவது கையில இருக்கட்டும்னுதான். ரத்தத்தப் பத்தி எனக்கு என்னா? ஆனா அனுப்பிட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல பாருங்க."

ஒரு வகையில் அது நியாயம். ஆனால் அந்த நியாயம் எனக்கு எதிராக இருந்தது. அதை மெச்ச நான் இரண்டு பஸ் ஏறி வரவில்லை. புத்தகத்தைக் கொடுங்கள், முடித்ததும் நானே அனுப்பிவிடுகிறேன் என்றேன். நீங்கள் அனுப்பும் வேகத்தைத்தான் பார்த்தேனே என்றார். அது தொலைந்தால் கணக்கை மூடிவிடுவார்கள், மூடினால் தன் கணக்கும் சேர்ந்து மூடும் என்றார். அப்படியானால் இங்கேயே வைத்து எழுதிக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். உதவலாமா என்ற யோசனையாக அது தெரியவில்லை. என்னைத் திருப்பி அனுப்ப வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தார்.

கதவுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்காமல், கடை நடத்திய அக்காவின் கையில் கொடுத்தார்.

"அக்கா, இவங்க இத இங்க உக்காந்து படிக்கட்டும். என் டியூட்டி முடியிற வரைக்கும். புக்கு கடைய விட்டு வெளிய போகக் கூடாது."

"பரோட்டா தின்னுட்டு ஓடினவன இந்தக் கடை பாத்திருக்கு," என்றார் அக்கா. "புக்கோட ஓடினவங்க இன்னும் இல்ல. பாத்துக்கிறேன், போ."

நான்காவது அத்தியாயத்தை அந்த மேசையில் கையால் எழுதி எடுத்தேன். அட்டவணைகளைக் கோடு போட்டுப் பெட்டி பெட்டியாக இறக்கினேன். இரும்புச் சத்துக் குறைவு, கொக்கிப்புழு, ஃபோலிக் அமிலம், அடுத்தடுத்த பிரசவம். வரிசை வரிசையாக எனக்குத் தெரிந்த பெண்கள் வந்தார்கள், பெயர் இல்லாமல், விழுக்காடாக. ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போதே அக்கா மேசையைத் துடைக்க வந்துவிடுவார்.

"ஒரு தண்ணிய வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காருவ? சாப்பாட்டு நேரம் வருது."

பாலில்லாத தேநீர், இன்னொரு தே-ஓ சொன்னேன். பிறகு வறுத்த நூடுல்ஸ், மீ கோரெங் சொன்னேன், பசிக்காக அல்ல, நாற்காலிக்காக. மீ வந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். புத்தகம் கண்ணில் படாததால் அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏய், புக்கு எங்க?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எடுத்துக் காட்டினேன். ஒரு லாரி ஓட்டுநர், "உள்ள இருந்து வந்திருக்கும்போல, விடுங்கக்கா," என்றார். மறுபடி அதே நகைச்சுவை. எழுதிக்கொண்டிருந்த வரியை விட்ட இடத்திலிருந்து தேட வேண்டியிருந்தது.

டியூட்டி முடிந்து அவர் வந்தபோது கடைசி அட்டவணையில் இருந்தேன். முடிக்கும்வரை நின்றார், உட்காரவில்லை. பிறகு புத்தகத்தை வாங்கி, என் கண் முன்னாலேயே தாள்களைக் கட்டைவிரலால் சரசரவென்று ஓட்டிப் பார்த்தார். நான் எதையும் கிழித்துவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"ஒங்களுக்கு வேலை முடிஞ்சிது. நான் என்னா பண்றது?"

"நூலகத்துக்குப் போன் பண்ணுங்க. ஒரு தமிழர்தான் எடுப்பாரு."

"பண்ணேன். தங்கச்சி எப்படி இருக்குன்னு கேட்டாரு."

இருவரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினேன்.

கட்டுரை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. பெயர் நூலகம் எழுதிய மாதிரியே இருந்தது. அப்பா பெயர், காற்புள்ளி, எஸ். திருத்தக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

தேர்வு ஈப்போவில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. கதவில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அதன் முன்னால் அவர் நின்றிருந்தார். பாகான் செராயிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் பெயரில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் பெயர் ஒரே ஒரு முறை இருந்தது. அதற்கு நேரே ஒரே ஒரு மேசை எண்.

"கட்டுரை அனுப்பினீங்களா?" என்று கேட்டேன்.

"அனுப்பினேன். புக்கு இல்லாம, வார்டுல பாத்தத வச்சி எழுதினேன். எனக்கும் கடிதம் வந்திருக்கு." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். என் கடிதமேதான், முகவரி மட்டும் வேறு.

கண்காணிப்பாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. எங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டியலில் ஒரு பெயர் என்றால் ஒரு கேள்வித்தாள், ஒரு மேசை. தலைமையகத்தைக் கேட்காமல் இன்னொன்று கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அலுவலகத்துக்குப் போய்த் தொலைபேசியில் கேட்கிறேன், யாராவது ஒருவர் இப்போது உட்காருங்கள், மற்றவர் காத்திருங்கள் என்றார். எந்த ஒருவர் என்று சொல்லாமல் நடந்தார்.

உள்ளே தாள்களை விநியோகிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவர் தமிழில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னிக்கு நான் விட்டுக் கொடுத்தேன். இன்னிக்கு நீங்க விடுங்க."

"அன்னிக்கு நீங்க விட்டுக் கொடுத்தது என் புக்கு," என்றேன்.

அவரைத் தாண்டி உள்ளே போனேன். அந்த எண் போட்ட மேசையில் உட்கார்ந்து அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். தாளின் மேல் என் பெயரை முழுதாக எழுதினேன், நடுவில் ஏ/பி போட்டு, அப்பா பெயரைக் கடைசியில். முதல் கேள்வி குடிநீர் பற்றியது. அதில் பாதி எழுதியிருப்பேன், பின்னால் சிமெண்டுத் தரையில் இன்னொரு மேசை இழுபடும் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இரண்டாவது கேள்விக்குப் போனேன்.