வேங்கிக்காலில் ஒரு சிவப்புக் கார், அதன் பொட்டு, என் நடுக்கம்

திருவண்ணாமலைக்கு ஊரே மோட்சம் தேடிப் போகும். நானும் என் அக்கா மகள் யமுனாவும் கார் தேடிப் போனோம். மோட்சம் எனக்குப் போளூர் ரோட்டில் ஐந்தாவது கிலோமீட்டரில் கிடைக்கப் பார்த்தது. மயிரிழையில் தப்பி வந்து இதை எழுதுகிறேன்.

யமுனாவுக்கு இருபத்தேழு வயது. சென்னையில் கணினி வேலை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்துக்குப் போய்விடுவாள். அங்கே கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை விரட்டலாம். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. டயர் தேய்வது ஒன்றுதான் கண்கண்ட பலன். இதுவரை ஆபீஸ் போகும் காரையே ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு, பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, தடத்துக்கென்றே கட்டி எடுக்க வேண்டும் என்று ஆசை.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "உன் மாமன் அந்தக் கார்ல உக்காந்து பாக்கணும். பார்த்துட்டு, பயமில்லைன்னு அவன் வாயால எங்கிட்ட சொல்லணும். அப்பதான்." என்னை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பொருட்காட்சி ராட்டினம் ஒரு சுற்று முடிவதற்குள் மனதிலேயே உயில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி முடித்தவன் நான். ஆனால் யமுனாவிடம் இருபது வருடமாக வேறு கதை சொல்லி வளர்த்திருக்கிறேன். அவள் கணக்கில் அடியேன் ஜவ்வாது மலையில் கரடியை மிரட்டி அனுப்பிய மாவீரன்.

தை மாதம், பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை. பௌர்ணமி அன்றைக்குப் போகாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் காரைப் பார்ப்பது இருக்கட்டும், உங்கள் காலையே நீங்கள் பார்க்க முடியாது. தாம்பரத்தில் காலை 5.10க்குக் கிளம்பினோம், என் காரில், யமுனா ஓட்ட. திண்டிவனம் வரை நான் கைப்பிடியைப் பிடித்திருந்த பிடியில் அதில் என் ரேகை பதிந்துவிட்டது. செஞ்சியில் 7.30க்கு இட்லி, பொங்கல், இரண்டு காபி, 190 ரூபாய். வேங்கிக்கால் போய்ச் சேர மணி 8.50. மொத்தம் 168 கிலோமீட்டர்.

கலெக்டர் ஆபீஸ் தாண்டிப் புதிதாக வீடுகள் முளைத்திருக்கும் தெருவில் இருந்தார் காரை விற்கிற குணசேகரன். போர்வெல் போடும் தொழில். வாசலில் நின்றது கார். இருபத்திரண்டு வயது, சிவப்பு, தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு செம்பருத்தி எல்லாம் வெளுத்துப் போன பூதான். அதன் பக்கவாட்டில் என் முகம் தெரிந்தது, நிஜத்தைவிடப் பத்து வயது குறைவாக. விலை ஆறரை லட்சம். நான் மனதுக்குள் ஏழரை கொடுத்துவிட்டேன்.

யமுனா அதையெல்லாம் பார்க்கவில்லை. இன்ஜினைக்கூடக் கடைசியில்தான் பார்ப்பாளாம். "இன்ஜின மாத்திக்கலாம் மாமா. உடம்பு போச்சுன்னா எல்லாம் போச்சு." கையில் ஒரு சின்னக் காந்தம். இரும்பு இருக்கிற இடத்தில் ஒட்டும். உள்ளே துருப்பிடித்து, மேலே பட்டி தடவி பெயிண்ட் அடித்த இடமென்றால் நழுவி விழும். கதவு, சக்கர வளைவு என்று ஒட்டிக்கொண்டே போனாள். எல்லா இடத்திலும் ஒட்டியது.

பிறகு பானெட்டைத் திறந்தாள். உள்ளே இரண்டு ஓரத்திலும் குமிழ் மாதிரி ஒரு மேடு. முன்சக்கரத்தின் சஸ்பென்ஷன் கீழிருந்து வந்து உடம்பைத் தாங்குவது அங்கேதான், தடத்தில் வளைவுக்கு வளைவு அடி வாங்குவதும் அங்கேதான் என்றாள். இரண்டு மேட்டிலும் சந்தனம், நடுவில் குங்குமம். குணசேகரனின் மனைவி செல்வி வெள்ளிக்கிழமை தவறாமல் வைப்பாராம். இடது பக்கம் சாதாரணப் பொட்டு. வலது பக்கம் அடை மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு.

யமுனா துணியை எடுத்தாள். எனக்கு உதறிவிட்டது. நேற்று வைத்த பொட்டு, மலை எதிரே நிற்கிறது, பொட்டு வைத்த அம்மாள் வாசற்படியில் நின்று பார்க்கிறார். அழித்துவிட்டு அதே வண்டியில் ஏறி உட்கார நான் என்ன இரும்பாலா செய்யப்பட்டவன்? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்மா. சாமி பொட்டு." துணியை மடித்து வைத்துவிட்டாள்.

இந்தப் பயணத்தில் நான் செய்த பிழை அது. அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

10.15க்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம், போளூர் ரோட்டில். யமுனா ஓட்டினாள், பக்கத்தில் நான். இருக்கை அவ்வளவு தாழ்வு. லாரிச் சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், எண்ணினேன். அறுபதில் இதமாக இருந்தது. எண்பதில் என் முன்னோர்கள் ஒவ்வொருவராக வந்து நலம் விசாரித்தார்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினாள்.

'டொக்.'

என் கால் பக்கம் இல்லை, அவள் கால் பக்கம், வலது முன்னால். கார் நேராக நிற்காமல் வலது பக்கம் இழுத்தது. எதிரே மணல் லாரி. யமுனா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் திருப்பிப் பிடித்தாள். லாரி ஹாரன் அலறிக்கொண்டு போனது. ஆடுகள் எங்களைப் பார்த்தன. நான் கத்தினேன் என்று அவள் சொல்கிறாள். என் நினைவில், காயத்ரி மந்திரத்தைச் சற்று உரக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

"சத்தம் கேட்டுதா மாமா?"

"என்ன சத்தம்?" என்றேன். கேட்டது என்று சொன்னால் பயந்தேன் என்றாகிவிடும். கரடி கதை வீணாகிவிடும்.

முப்பதில் ஊர்ந்து திரும்பினோம். "ரோடு சரியில்லீங்க, குழி ஜாஸ்தி. அதான் சத்தம்" என்றார் குணசேகரன். நான் தலையாட்டினேன். சரியாக அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள்.

"டேய், உக்காந்து பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"சொல்லு. பயமில்லைதானே?"

சிவப்புக் கார் வெயிலில் ஜொலித்தது. ஒரு சொல் சொன்னால் போதும், யமுனாவுக்குக் கார், எனக்கு மானம். 'ப' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அடுத்த முறை இந்தக் காரில் பிரேக் போடும்போது என் அக்கா மகள் நூற்று நாற்பதில் இருப்பாள், பக்கத்தில் கத்த நான் இருக்க மாட்டேன். "பத்து நிமிஷத்துல கூப்புடுறேன்க்கா" என்று வைத்துவிட்டேன்.

"யமுனா, அந்தத் துணியக் குடு."

மலையைப் பார்த்துக் கன்னத்தில் மூன்று முறை போட்டுக்கொண்டேன். செல்வியிடம், "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, திரும்ப நானே வெச்சுடுறேன்" என்று சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி வலது பொட்டைத் துடைத்தேன். மாதக்கணக்கில் ஏறிய சந்தனம், அடுக்கடுக்காகக் கரைந்தது. அடியில் ஒரு பழைய வெல்டிங் தழும்பு. அதன் ஓரமாக, என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். துருவேறி, வாய் பிளந்து இருந்தது. யமுனா சாவி முனையை வைத்தாள். உள்ளே போனது.

"இன்னா செல்வி இது?" என்றார் குணசேகரன்.

"அந்த எடத்துல வாங்கும்போதே பெயிண்ட் உரிஞ்சு அசிங்கமா இருந்துச்சுங்க. வண்டிய தொறந்தா கண்ணுல படுதேன்னு பொட்ட கொஞ்சம் ஜாஸ்தியா வெப்பேன்." அந்த அம்மாள் குரலில் கள்ளம் துளியும் இல்லை. அழகுக்குத்தான் வைத்திருக்கிறார்.

குணசேகரன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "போன வாரம்தான் சார், ரெண்டு பசங்களையும் ஏத்திக்கினு சாத்தனூர் டேம் போய்ட்டு வந்தேன். தொண்ணூறுல." அதற்கு மேல் யாரும் விலை பேசவில்லை. செல்வி உள்ளே போய்க் கார் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு வந்தார். கிளம்பும்போது குணசேகரனே சொன்னார்: "செங்கம் ரோட்ல கரீம் பாய் ஷெட்டுல இதே வண்டி ஒண்ணு கீது. பாக்க நல்லா இருக்காது. பாத்துட்டுப் போங்க."

வேங்கிக்காலிலிருந்து ஊர் வழியாக, ரமணாசிரமம் தாண்டி, எட்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். கரீம் பாய் ஷெட்டில் நின்றது அதே மாடல், நீலம் என்று ஒரு காலத்தில் சொல்லியிருப்பார்கள். ஏ.சி. இல்லை. பின்சீட்டில் எலி குடும்பம் நடத்திய தடயம். வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் சப்பாத்தி ரோல் தின்றபடி நின்று பார்த்துவிட்டுப் பரிதாபமாகச் சிரித்துப் போனான்.

"பாய், துணி இருக்கா?"

"எதுக்கு சார்?"

"தொடைக்க. முழுக்க."

"தொடைச்சா இதுக்கு மேல கேவலமாத் தெரியுமே சார்!"

துடைத்தோம். தூக்கி வைத்து, டார்ச் அடித்து, கீழே படுத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். அழுக்கு இருந்தது, எண்ணெய் கசிவு இருந்தது, விரிசல் இல்லை. காந்தம் அட்டை மாதிரி ஒட்டியது. செங்கம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டி நாலு முறை பிரேக் போட்டாள். நேராக நின்றது. மூன்று லட்சத்து எண்பதாயிரம். பாய் ஐந்தாயிரம் கம்மி செய்தார், எலிக்காக.

அக்காவுக்கு நான் போன் செய்தேன், யமுனா பக்கத்தில் நிற்கும்போதே.

"அக்கா, நான் பயந்துட்டேன். காலைலேருந்து பயந்துக்கிட்டேதான் இருக்கேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு இண்டு இடுக்கு விடாம பயந்து பாத்தாச்சு."

"சரி, எடுங்க" என்றாள் அக்கா.

யமுனா போனை வாங்கி என் பையில் வைத்தாள். "கரடி கதை எனக்கு பத்து வயசுலயே தெரியும் மாமா. அம்மா சொல்லிட்டாங்க."

கோயில் தெருவில் எலுமிச்சை நசுக்கிப் பூசை போட்டோம். குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு பானெட் பக்கம் வந்ததும் நானும் அவளும் ஒரே குரலில் சொன்னோம்: "சாமி, கண்ணாடியில மட்டும்!"

போகிறவர்களுக்கு: பகலில் போங்கள். சின்னக் காந்தம், டார்ச், பழைய துணி இரண்டு, படுக்க ஒரு கோணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, உதிரிபாகம் கிடைக்கிற மாடலா என்று கிளம்புமுன்பே கேளுங்கள். பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள், எப்படியும் அதைச் சுரண்டத்தான் போகிறீர்கள். பொட்டு எங்கே தடிமனோ அங்கே முதலில் துடையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, நான் கேட்டுவிட்டேன்.

முக்கியமாக, பயந்தாங்கொள்ளி ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். அவர் பயந்தால் வாயைத் திறந்து சொல்கிறவராக இருக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அடியேன் இருக்கிறேன். செஞ்சி டிபன் மட்டும் உங்கள் செலவு.