சத்து மாத்திரை

நான் வாய் உள்ளவள். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை என்றால் முதல் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும். கோபம் வந்தால் கத்திவிடுவேன், கத்தி முடித்ததும் மறந்துவிடுவேன்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தூக்கம் போயிற்று. கோபமும் கூடியது. டாக்டர் பத்து நாளைக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. பத்தாம் நாள், இனிமேல் இந்தச் சனியனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"சரி, உடம்புக்குச் சத்தாவது வேணும்ல," என்று என் வீட்டுக்காரர் ஒரு டப்பா வாங்கி வந்தார். ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அவரே காப்பி போடுவார். டம்ளரை என் முன்னால் வைத்து, உள்ளங்கையில் சத்து மாத்திரை ஒன்றையும் வைப்பார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு டம்ளர் கழுவி வைக்காத மனுஷன்! நான் உருகிப்போனேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன்.

அடுத்த மாதங்களில் குக்கரை இரண்டு முறை கருகவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்திலேயே கண் சொருகியது. ஒருநாள் மார்க்கெட் போகிற வழியில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றேன். என் அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயரை மறந்தவள். அந்த வியாதி எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எனக்கும் அம்மா மாதிரி ஆயிடுமா?" என்று அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்," என்றார்.

இதற்கிடையில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இப்போதெல்லாம் சத்தமே இல்லை, சாந்தமாகிவிட்டாய் என்றார்கள். எனக்கே அது பிடித்திருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கீழ்வீட்டுக்காரி முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் சட்டை தைக்கிறாள். உடம்பெல்லாம் அசதி என்றாள். குவார்ட்டர்ஸில் கறிவேப்பிலை போல மாத்திரையும் வீடு விட்டு வீடு போகும். நானும் நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். காலையில் ஒன்று போட்டுக்கொள் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் விரலில் பெரிய கட்டோடு வந்து நின்றாள்.

"யக்கா, இன்னா மாத்தர குட்த்த நீ? மிஷின்ல குந்திகினு தூங்கிட்டேன். ஊசி விரல்ல எறங்கிடுச்சு. மிச்சத்த ஆஸ்பத்திரில காட்னேன். தூக்க மாத்தர மாறி கீதுன்றாங்க!"

டப்பாவை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடினேன். கடைக்காரர் ஒன்றைக் கையில் கொட்டிப் பார்த்தார்.

"இது சத்து மாத்திரை இல்லமா, தூக்க மாத்திரை. சார்தான் மாசாமாசம் வாங்கினு போறாரு. சீட்டு உங்க பேர்லதான கீது?"

"பத்து நாள் சீட்டுக்கு எட்டு மாசமா குடுப்பீங்களா?"

"தெரிஞ்ச சாராச்சேன்னு..." என்று இழுத்தார்.

அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, அந்தச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார் என் புருஷன். அட்டை கண்ணில் படாததால், பழைய மாத்திரைதான் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டபோது மறுக்கவில்லை.

"நீ கத்திக்கிட்டே இருந்தே. இப்பதான் வீடு நிம்மதியா இருந்துச்சு," என்றார்.

நான் கத்தியதைக்கூட விடுங்கள். அம்மாவின் வியாதி வந்துவிட்டதென்று நான் அழுதபோது, காரணம் தெரிந்த கையால்தானே தலையைத் தடவினார்? அதை என்னால் மன்னிக்க முடியாது. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பா அப்பவே சொன்னாரும்மா. உன் நல்லதுக்குன்னுதான்..." என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஆத்திரத்தில் டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். மூன்றாம் நாள் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. கீழ்வீட்டுக்காரிதான், அந்தக் கட்டுப்போட்ட விரலோடு, என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். இத்தனை மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆக, தெரியாமல் விழுங்கியதை இப்போது தெரிந்தே விழுங்குகிறேன். டாக்டர் சொன்ன அளவுக்கு நானே உடைத்து, நானே தண்ணீர் எடுத்துக் குடிக்கிறேன். குரல் திரும்பி வருகிறது. போன வாரம் தண்ணீர் வராததற்குக் கத்தினேன்.

என் வீட்டுக்காரர் இன்னும் சாயங்காலம் காப்பி போடுகிறார். முதல் நாள் அவர் கண்முன்னாலேயே தொட்டியில் ஊற்றினேன். "அதுல ஒண்ணும் போடல," என்றார். கட்டின பெண்டாட்டியிடம் சொல்லுகிற பேச்சா அது?

இப்போதெல்லாம் நான் கேட்காமலே முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, டம்ளரை என் பக்கம் நகர்த்துகிறார். நல்ல மணம் வருகிறது. நான் தொடுவதில்லை.